ஆண்பூவில் மொய்க்கிற வண்டுக்கு என்ன மருந்து?

கேள்வி, ஜூன் 14

பண்பொழிப் பக்கம் இரண்டரை ஏக்கர் எண்ணெய்ப் பனை. நட்டு நாலு வருஷம். சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் போடவில்லை. ஆண்பூவில் எள்ளைக் கொட்டியதுபோல் சின்னச் சின்ன வண்டு, ஒரு பூவிலேயே ஆயிரம் இருக்கும். மருந்துக் கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். கூன்வண்டு இனம், விட்டால் மரத்தையே துளைத்துவிடும் என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். ரோட்டோர வரிசைக்கு நேற்று அடித்தாயிற்று. மீதிக்கு நாளை. மருந்தில்லாமல் பூச்சியை அடக்குவது என்பதெல்லாம் மேடைப் பேச்சு என்பது என் கருத்து. குளத்துப்புழை அண்ணாச்சி என்ன சொல்கிறீர்கள்?

ஜூன் 14, இரவு 9 மணி

பாட்டிலை மூடி வை. நாளை அடிக்காதே. காரணத்தை அப்புறம் எழுதுகிறேன், இன்னும் சாப்பிடவில்லை.

ஜூன் 14, இரவு 11 மணி

நாளைக் காலை வெயில் ஏறினதும், விரிந்திருக்கிற ஆண்பூ ஒன்றில் ஒரு விரலை, அதாவது விரல்போல் நீண்ட கதிர் ஒன்றை, ஒடித்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார். சோம்பு வாசனை அடிக்கும். அந்த வாசனைக்குத்தான் வண்டு வருகிறது. உள்ளங்கையில் தட்டினால் பொலபொலவென்று விழும். நாலு மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. கடிக்காது. குருத்தைச் சீண்டாது. அது தின்பது ஆண்பூவை, முட்டை வைப்பது வாடத் தொடங்கின ஆண்பூவுக்குள். புழு அந்த வாடின பூவையே தின்று வளர்ந்து ஒரு வாரத்தில் வண்டாகிக் கிளம்பிவிடும்.

பெண்பூவும் விரியும்போது அதே வாசனையை விடும். ஆண்பூ என்று நம்பி வண்டு உடம்பெல்லாம் மகரந்தத்தோடு அங்கே போகும். போய்ப் பார்த்தால் தின்ன ஒன்றும் இல்லை. திரும்பிவிடும். அதற்குள் உன் குலைக்கு வேண்டியது நடந்துவிடும்.

இதன் பெயர் எலைடோபியஸ் கேமரூனிகஸ். தோட்டத்தில் நாங்கள் வீவில் என்போம். கேமரூன் நாட்டுக்காரன். மலேசியாவில் எண்ணெய்ப் பனைக்குக் காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். காய் சரியாகப் பிடிக்காததால் கூலிக்கு ஆள் வைத்து, மகரந்தத்தை டால்கம் பவுடரில் கலந்து ஒவ்வொரு பெண்பூவுக்கும் ஊதிக்கொண்டிருந்தார்கள். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனுக்குப் போய்ப் பார்த்து, அங்கே அந்த வேலையைச் செய்வது பூச்சிதான் என்று காட்டினார். 1981-இல் மலேசியத் தோட்டங்களில் இந்த வண்டை விட்டார்கள். ஊதுகிற வேலை நின்றது. நம்மூருக்கு 1985-இல் வந்தது. முதலில் பாலோடு ஆராய்ச்சி மையம், அங்கிருந்து எங்கள் கொல்லம் மாவட்டத்து எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள். நான் இருக்கிற இடத்திலிருந்து மடத்தறை வழியாகப் போனால் பாலோடு. இந்தியாவில் இந்த வண்டு முதலில் குடியேறினது எங்கள் பக்கத்துக் காட்டில் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. கூன்வண்டுக் கூட்டம்தான். மரத்தைத் துளைக்கிற சிவப்புக் கூன்வண்டு, எங்கள் பேச்சில் செம்பன் செல்லி, இதற்குத் தூரத்துப் பங்காளி. அது மூன்றரை சென்டிமீட்டர் இருக்கும். பங்காளி செய்த திருட்டுக்கு இவனைப் பிடித்து அடித்திருக்கிறாய்.

ஜூன் 15

ஒரு திருத்தம். தூக்கக் கலக்கத்தில் ஒரு வாரம் என்று எழுதிவிட்டேன். முட்டையிலிருந்து வண்டாக இரண்டு வாரத்துக்குச் சற்று முன்பின் ஆகும்.

அப்புறம், சுற்றிலும் யாரும் போடவில்லை என்கிறாய். பிறகு உன் தோட்டத்துக்கு வண்டு எப்படி வந்தது? கன்று கொடுத்த இடத்து ஆள் யாராவது ஒரு பையில் ஆண்பூக் கதிர்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாரா என்று உன் வீட்டில் கேள். அப்படித்தான் செய்வார்கள். தானாகப் பறந்துவர அது மயில் இல்லை.

ஜூன் 16

மருந்து கேட்ட தம்பி தனியாக எழுதியிருந்தான். அப்பாவிடம் விசாரித்தானாம். போன வருஷம் ஒருவர் சாக்கில் "ஏதோ பூ" கொண்டுவந்து மரத்தடியில் வைத்தாராம். அப்பா அதை உரம் என்று நினைத்தாராம். சிரித்துவிட்டேன்.

சிரித்தது தப்பு. நானும் யோக்கியன் இல்லை. என் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு இரண்டு ஏக்கர், 114 மரம். ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண நடவு. அதற்கு முன் பெரிய தோட்டம் ஒன்றில் பதினாறு வருஷம் மேற்பார்வை வேலை, அதனால் வீவிலைப் பற்றித் தெரியாதவன் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. 2011-இல் மழை நடுவில் பைப்புழு விழுந்தது. இலைத் துணுக்கைத் தைத்து மேலே போர்த்திக்கொண்டு ஓலைக்கு அடியில் தொங்குமே, அது. ஓலை சல்லடை மாதிரி ஆகிவிட்டது. அந்த வருஷம்தான் கேரள அரசு போரேட், கார்போபியூரான் முதலான ஒரு வரிசை மருந்துகளுக்குத் தடை போட்டது. எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றத் தடை வந்ததும் அதே வருஷம் மே மாதம். காசர்கோட்டில் முந்திரிக் காட்டுக்கு மேல் ஹெலிகாப்டரில் வருஷக்கணக்காகத் தெளித்து ஊரே நோய்க்காடான கதை எல்லாருக்கும் தெரியும், அதனால் இந்தப் பக்கம் கடைகளில் கெடுபிடி. நான் என்ன செய்தேன்? ஆரியங்காவு தாண்டி, செங்கோட்டைப் பக்கம் ஒரு கடையில், பெயர் வேண்டாம், கேட்டதைவிட வீரியமானதாகவே கொடுத்தார்கள். பவர் ஸ்பிரேயரோடு ஓர் ஆளையும் அனுப்பினார்கள்.

ஆளிடம் "ஓலைக்கு மட்டும் அடி, பூவில் படாமல் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மரத்தைக் குளிப்பாட்டி வைத்திருந்தான். ஆண்பூவுக்கு அடியில் மண் கறுத்துக் கிடந்தது. குனிந்து பார்த்தால் எல்லாம் வீவில். சிலது இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் வெட்டின குலைகள் சாவி. நெல்லில் சாவி விழுமே, அதேபோல. குலை பெரிதாக இருக்கும், தூக்கினால் கனம் இருக்காது. நடுவில் வெள்ளையாக, விரல்நுனி அளவில், பருப்பில்லாத காய்கள். ஆலையில் கழித்துவிட்டார்கள். அந்தக் கழிவுச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து மருந்தடிக்கப் போகிறேன் என்று எவன் சொன்னாலும் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

ஜூன் 19

"அப்படியானால் காண்டாமிருக வண்டுக்கும் மருந்து வேண்டாமா, அதுவும் உங்கள் உறவா" என்று கேட்டிருக்கிறான் தம்பி. கோபம் புரிகிறது.

இல்லை, கொம்பன் செல்லி எனக்கு உறவு இல்லை. குருத்தில் துளை போட்டு உள்ளே இறங்கி, விரியாத ஓலையைக் கடித்துவிடும். ஓலை விரியும்போது கத்திரிக்கோலால் வெட்டினதுபோல் முக்கோணமாக இருக்கும். கன்று சின்னதாக இருந்தால் குருத்தோடு போய்விடும். ஆனால் மரத்தில் உட்கார்ந்திருக்கிற கொம்பனுக்கு மருந்தடிப்பது, வீட்டு வாசலுக்கு வந்த திருடனைத் துரத்திவிட்டு அவன் சம்சாரத்துக்கும் பிள்ளைகளுக்கும் கொல்லைப்புறத்தில் சோறு போடுவது மாதிரி. அதன் குடும்பம் முழுக்க எருக்குழியிலும், மட்கின தடியிலும், பழம் உதிர்த்தபின் ஆலையிலிருந்து வாங்கிக் குவித்த காலிக்குலையிலும் இருக்கிறது. மரத்தில் இருப்பது குடும்பத் தலைவர் மட்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். சாயங்காலம் கன்றுகளுக்கு நடுவே நடப்பேன். மட்டை இடுக்கில் ஈரமான சக்கை, கரும்பு மென்று துப்பினதுபோல், வெளியே தள்ளியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். செல்லிக்கோலை விடுவேன். நுனியில் முள் வைத்த இரும்புக் கம்பி. கம்பி போய்த் தட்டும் இடத்தில் முதலில் மெத்தென்று இருக்கும், அது சக்கை. அடுத்து ஒரு "க்ரீச்". அதுதான் ஓடு. ஒரு திருகு, ஒரு இழுப்பு. கம்பி நுனியில் காலை ஆட்டிக்கொண்டு வரும். பிறகு மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் ஒன்றுக்கு இரண்டு சேர்த்துப் போட்டுவிடுவேன்.

எருக்குழிக்குப் பெருவலம். மலையாளத்தில் அதுதான் பெயர், வேலியோரம் வெள்ளைப் பூ பூத்துக் கிடக்குமே, ஒரு நாற்றம் உள்ள செடி. எருவின் எடையில் பத்தில் ஒரு பங்கு பிடுங்கிப் போட்டுக் கலந்தால் புழு ஒழுங்காக வண்டாகாது. காசர்கோடு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் சொல்கிற வழி. செலவு ஒரு மதிய வேலை. இன்னொன்று மெட்டாரைசியம் பூஞ்சை. குழியில் ஊற்றிவிட்டு மூன்று நாலு வாரம் கழித்துக் கிளறினால் கட்டைவிரல் தடிமன் புழு சாக்பீஸ் மாதிரி விறைத்துக் கிடக்கும். முதலில் வெள்ளை, அப்புறம் பாசிப்பயறு மாவு தூவினதுபோல் பச்சை. என் பேத்தி ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

ஜூன் 20

நேற்று விட்டது. கொம்பனுக்கு ஒரு வைரஸ் உண்டு. 1963-இல் ஹூகர் என்ற ஜெர்மன்காரர் மலேசியாவில் கண்டுபிடித்தார். 1967-இல் சமோவாத் தீவில் விட்டு, தென்னை பிழைத்தது. நோய் பிடித்த வண்டு உடனே சாவதில்லை. பறப்பது குறையும், தின்பது குறையும், முட்டை குறையும், ஆனால் போகிற குப்பைக்குழியில் எல்லாம் கழிந்து நோயைப் பரப்பிவிட்டுத்தான் சாகும். நம் ஆராய்ச்சிக்காரர்கள் லட்சத்தீவில் விட்டுப் பலன் கண்டார்கள். கேரளத்து வண்டுகளிடம் அது இயற்கையாகவே இருக்கிறது. ஒரேயடியாகக் கொண்டாடவும் வேண்டாம். 2007-இல் குவாம் தீவில் புகுந்த கொம்பனுக்கு அந்த வைரஸ் பிடிக்கவில்லை. பூச்சியும் படிக்கிறது.

ஜூன் 22

இனக்கவர்ச்சிப் பொறி வாங்கலாமா என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். வாங்கலாம். ஆண் கொம்பன் விடுகிற வாசனையைச் செய்து சின்னப் பையில் அடைத்து வாளியில் தொங்கவிடுகிறார்கள். ஆணும் வரும், பெண்ணும் வரும். இரண்டு ஹெக்டேருக்கு ஒன்று போதும். ஒன்றே ஒன்று: கன்றுகளுக்கு நடுவில் தொங்கவிடாதீர்கள். நான் முதல் தடவை அதைத்தான் செய்தேன். பக்கத்துத் தென்னந்தோப்புக் கொம்பன்கள் எல்லாம் பத்திரிகை வைத்து அழைத்ததுபோல் வந்தன. பந்திக்கு இடம் கிடைக்காதவை என் கன்றில் உட்கார்ந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம், கன்றை விட்டுத் தள்ளிக் கட்ட வேண்டும்.

ஜூன் 27

"மருந்து அடிக்காமல் விட்டால் புழு பெருகாதா" என்று மறுபடி.

மலேசியாவில் நடந்ததைப் பார். 1950-களின் கடைசியில் டிடிடி, டீல்ட்ரின், எண்ட்ரின் என்று அடித்தார்கள். அடிக்க அடிக்கப் பைப்புழு பெருகினது. பிரையன் வுட் என்ற பூச்சியியலாளர் அந்தத் தோட்டங்களில் வேலை பார்த்து, அடிப்பதை நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினார்கள், கொஞ்ச காலத்தில் புழு அடங்கினது. காரணம் எளிது. பைப்புழு தன் பைக்குள் இருக்கிறது, மேலே படுகிற மருந்து அதற்குத் தலைவலி அளவில்தான். அதன் மேல் முட்டை வைக்கப் பறந்து வருகிற குளவிகளுக்குப் பை இல்லை. அவை போய்ச் சேரும். குளவிக்குத் தேன் கிடைக்கட்டும் என்று தோட்ட வழியோரம் டர்னெரா செடி, கொடிரோஸ் எல்லாம் வளர்க்கிறார்கள். என் வேலியில் கொடிரோஸ் இருக்கிறது. அது குளவிக்காக வைத்தது இல்லை, என் சம்சாரம் வைத்தது. ஆனாலும் குளவி வருகிறது.

ஜூலை 3

சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்தில் கூட்டம், ஆரியங்காவில் வண்டிகள் நகரவில்லை. வீவில் குறைந்திருக்கும் தம்பி, பயப்படாதே. மழையில் அது வெளியே கிளம்பாது.

ஜூலை 11

எலி. நான்கு பேர் கேட்டுவிட்டார்கள்.

எலி பழத்தை மட்டும் தின்கிறது என்று நினைக்கிறோம். வாடின ஆண்பூவைப் பிய்த்துப் போட்டிருந்தால் அது வீவில் புழுவைத் தேடித் தின்றது. மலேசியாவில் வீவில் வந்தபின் எலிக்குப் புரதச் சாப்பாடு கிடைத்தது என்று எழுதியிருக்கிறார்கள். இரட்டை நஷ்டம்.

விஷம் வைத்தால் எலி சாகும், எலியைத் தின்கிற கூகையும் சாகும். மலேசியாவில் மரப்பெட்டி செய்து கம்பத்தில் ஏற்றிக் கூகையைக் குடிவைக்கிறார்கள். நானும் ஒரு பெட்டி ஏற்றினேன். மாமியார் அப்போது உயிரோடு இருந்தார். "வீட்டு வாசலில் சாக்குருவிக்கு வீடு கட்டுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார். மூன்று வாரத்தில் கூகை வந்துவிட்டது. பெட்டிக்குக் கீழே அது கக்கின உருண்டைகள். ஒன்றை நீரில் ஊறவைத்துப் பிரித்தேன். மயிர்க் கட்டிக்குள் மூன்று எலி மண்டையோடு, பல் வரிசை கலையாமல்.

ஜூலை 12

மூன்று வாரம் என்று எழுதினதைப் படித்துவிட்டு வீட்டில் சிரிக்கிறார்கள். மூன்று வாரத்தில் வந்தது மைனா. அடுத்த வருஷம் தேனீ. கூகை வந்தது அதற்கும் பிறகு. மாமியார் அப்போது இல்லை. அவர் சொன்னது மட்டும் நிஜம்.

ஜூலை 30

வெள்ளை ஈ பற்றி ஒருவர், "தென்னையிலிருந்து பனைக்கு வந்துவிட்டது, ஓலை எல்லாம் கரி பூசினதுபோல்" என்கிறார். சுருள் வெள்ளை ஈதான். 2016-இல் பொள்ளாச்சித் தென்னையில்தான் முதலில் பார்த்தார்கள். ஆந்திராவில் கோதாவரி மாவட்டங்களின் எண்ணெய்ப் பனை வரைக்கும் போய்விட்டது. அங்கேதான், ஏலூருக்குப் பக்கம் பெதவேகியில், எண்ணெய்ப் பனைக்கென்று மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பாலோடு அதன் கிளை.

இதற்கும் மருந்து வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். ஓலையைத் திருப்பி, லென்ஸ் இருந்தால் வைத்துப் பாருங்கள். வெள்ளைக் குஞ்சுகளுக்கு நடுவே சில கறுத்திருக்கும். அது என்கார்சியா என்ற கண்ணுக்குத் தெரியாத அளவுக் குளவி உள்ளே முட்டை வைத்த அடையாளம். கறுப்பு அதிகமாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். கறுப்பே இல்லாவிட்டால், கறுப்பு உள்ள தோப்பிலிருந்து ஓலைத் துண்டுகளைக் கொண்டுவந்து செருகுங்கள். கரிப்படலத்துக்கு மைதாக் கஞ்சி. மெல்லிசாகக் காய்ச்சித் தெளித்தால் காய்ந்து செதிலாக உரிந்துவிடும். புரோட்டா மாவை மரத்துக்கு அடிக்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். பேசட்டும்.

ஆகஸ்ட் 18

இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

தம்பிக்கு ரோட்டோர வரிசைக் குலைகள் எப்போது வெட்டுக்கு வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல உட்கார்ந்தேன். பெண்பூ விரிந்து குலை பழுக்க ஐந்தரை, ஆறு மாசம். ஜூன் நடுவில் அடித்தால் நவம்பர் கடைசி, டிசம்பர். சரி, என் 2011 கணக்கையும் பார்ப்போம் என்று பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

மருந்தடித்தது ஆகஸ்ட் 21. ஆலை கழித்த சீட்டு நவம்பர் 9.

விரலை மடக்கி எண்ணினேன். மூன்று மாசம்கூட இல்லை. நவம்பரில் வெட்டின குலை பூவாக இருந்தது மே, ஜூனில். அப்போது மருந்துப் பாட்டில் செங்கோட்டைக் கடையில் அலமாரியில் இருந்தது. ஆகஸ்டில் பூத்தது பிப்ரவரியில்தான் வெட்டுக்கு வந்திருக்கும். பிப்ரவரிப் பக்கத்தைப் புரட்டினேன். எடை வழக்கம்போல். கழிவு ஒன்றும் எழுதவில்லை.

ஆக இத்தனை வருஷமாக நான் சொல்லிவந்த கதை தப்பு. குலை சாவியானதற்கு அந்த மருந்து காரணம் இல்லை. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, அந்த வருஷம் பிடித்ததும் வீவில் அடங்கியிருக்கும். என் மரங்கள் இளசு, இளமரம் பெண்பூவை அள்ளித் தள்ளும், ஆண்பூ குறைவாகத்தான் விடும். ஆண்பூ இல்லையென்றால் வண்டு முட்டை வைக்க இடமில்லை, மகரந்தமும் இல்லை. இரண்டும் சேர்ந்து செய்த வேலை. நான் பார்த்தது மண்ணில் கறுத்துக் கிடந்த வண்டுகளை. அதையும் கழிவுச் சீட்டையும் மனசு முடிச்சுப் போட்டுவிட்டது. தேதியைப் பார்க்கவே இல்லை. பதினாறு வருஷம் தோட்டத்தில் தினமும் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டவன் நான்.

ஆகஸ்ட் 19

"அப்படியானால் நான் அடித்தது தப்பில்லையே" என்று தம்பி எழுதுவான் என்று தெரியும். எழுதிவிட்டான்.

உனக்கு உபகாரம் செய்கிற பூச்சியைக் காசு கொடுத்துக் கொன்றாய். குலை கெட்டதோ இல்லையோ, அந்த பாட்டில் காசு போனது போனதுதான். என் கதை தப்பு என்பதால் உன் கடைக்காரர் சொன்னது சரியாகிவிடாது. ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். பயமுறுத்துகிற கதை சொல்லி உன்னை நிறுத்தினேன். கணக்கைச் சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். நவம்பரில் ரோட்டோர வரிசையில் ஐந்து குலை, உள்வரிசையில் ஐந்து குலை வெட்டி, பிளந்து, எண்ணி எழுது. எது வந்தாலும் எழுது.

செப்டம்பர் 5

தொடர்பில்லாத விஷயம். அப்பா நினைவு வந்தது. அவர் இலங்கையில் தேயிலை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்து, இங்கே ரப்பர். அவர் தேயிலைக் கொசு என்ற பெயரைச் சொல்லும்போதே முகம் சுளிப்பார், கொழுந்தைக் கருக்கிவிடும் என்று. காசர்கோட்டு முந்திரிக்கு எண்டோசல்பான் தெளித்ததும் அதே பூச்சியின் பெயரால்தான் என்று நான் சொன்னபோது, "அது இங்கேயும் வந்துவிட்டதா" என்று மட்டும் கேட்டார். கப்பலில் கூடவே வந்த பழைய பகையாளியைப் பற்றிக் கேட்பதுபோல்.

ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவே முகுனா கொடி படரவிடுவார்கள், திரிபுராப் பக்கத்திலிருந்து வந்த கொடி. எண்ணெய்ப் பனை மறுநடவிலும் அதைப் படரவிட்டால் வெட்டிச் சாய்த்த தடிகள் மூடிவிடும், கொம்பன் செல்லிக்கு முட்டை வைக்கத் தடி கண்ணில் படாது. தொடர்பில்லை என்று தொடங்கி மறுபடி செல்லிக்கே வந்துவிட்டேன்.

அக்டோபர் 2

2021-இல் மத்திய அரசு எண்ணெய்ப் பனைக்கு 11,040 கோடியில் தேசிய இயக்கம் அறிவித்ததே, அதில் எனக்கு என்ன வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என்னிடம் கேட்டால்? எனக்கு அதைப் பற்றி ஒரே ஒரு அபிப்பிராயம்தான்: கன்று கொடுக்கிறவர் கூடவே ஒரு பூவையும் பிடித்துக்கொண்டு, இதில் இருப்பது யார், எதற்கு என்று பத்து நிமிஷம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தம்பியின் அப்பா உரம் என்று நினைத்திருக்க மாட்டார்.

டிசம்பர் 3

தம்பி வெட்டிவிட்டான். எண்ணிக்கை வந்துவிட்டது.

ரோட்டோர வரிசை, உள்வரிசை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டிலுமே காய்ப்பிடிப்பு சுமார். குலையின் வெளிப்பக்கம் பரவாயில்லை, உள்ளே வெள்ளைக் காய்கள் நிறைய. மருந்தடித்த வரிசை என்று கண்ணைக் கட்டிக்கொண்டு காட்ட முடியாது. யோசித்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். உள்வரிசை வண்டு பறந்து வர எத்தனை அடி? இரண்டு வாரத்துக்கு ஒரு தலைமுறை. ஒரு வரிசை அடித்ததை அது ஈடுகட்டிவிட்டது. முழுத் தோட்டத்துக்கும் அடித்திருந்தால், சுற்றிலும் வேறு பனை இல்லாத இடம், எங்கிருந்து வந்திருக்கும்?

ஆனால் இரண்டுமே சுமார் என்பதுதான் இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தம்பி, மொத்தத்தில் இப்போது எத்தனை ஆண்பூ விரிந்திருக்கிறது? மரம் மரமாக எண்ணு.

டிசம்பர் 5

மொத்தத் தோட்டத்துக்கும் நாலு. அதிலும் வண்டு மொய்க்கிறது இரண்டில்தானாம்.

சரி. நான் வருகிறேன்.

டிசம்பர் 9

நேற்று காலை என் மரங்களில் விரிந்து ஓய்ந்த ஆண்பூவாகப் பார்த்து விரல் விரலாக ஒடித்து, பழைய தலையணை உறை இரண்டில் போட்டு, வாயைக் கட்டி, தென்காசி பஸ்ஸில் ஏறினேன். மடியில் வைத்துக்கொண்டேன். தென்மலை தாண்டும்போதே பக்கத்து சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார். "என்ன அண்ணாச்சி, பலகாரமா?" என்றார். ஆமாம் என்றேன். ஆரியங்காவு வளைவுகளில் உறை ஒருபக்கம் அவிழ்ந்திருக்கிறது. புளியரை இறக்கத்தில் கண்டக்டர் சட்டைக் காலரில் நாலைந்து நடந்துகொண்டிருந்தன. அவர் ஒன்றைத் தட்டிவிட்டு, மலையாளத்தில், இது எந்தா சாதனம் என்றார். பூவண்டு என்றேன். கடிக்குமா என்றார். இல்லை என்றேன். டிக்கெட் எடுத்தாயா என்றார் அதற்கு.

தம்பி செங்கோட்டையில் பைக்கோடு நின்றான். அவன் அப்பா தோட்டத்தில் காத்திருந்தார். இந்தத் தடவை மரத்தடியில் வைக்கவில்லை. பெண்பூ விரியத் தயாராக இருக்கிற மரங்களாகப் பார்த்து, மட்டை இடுக்கில் செருகினோம். கடைசி விரலை அவர் கையில் வாங்கி ரொம்ப நேரம் மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த எண்ணிக்கை மே கடைசியில். தம்பி, நோட்டில் தேதி எழுதிவிட்டாயா?